தொழிலாளர் காவலர் டாக்டர் அம்பேத்கர்

டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டம் வகுத்த மேதை என்று நாடு போற்றுகின்றது. தீண்டாமைக் கோட்டையைத் தாக்கிய வீரர் என்று ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்த்துகின்றனர். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் திரிசரணம் ஏற்று, பிறந்த மண்ணிலேயே பௌத்த தம்மத்தை மறுபடியும் தழைக்கச் செய்த பெருமகன் என்று நாம் வணங்குகின்றோம். இம்மூன்று சிறப்புக்களும் யாவரும் அறிந்தவை. ஆயின், 1942 முதல் 1946 வரை நான்காண்டுக் காலம் அவர் இந்திய சர்க்காரின் தொழிலாளர் இலாகாவை ஏற்று நடத்தினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும் அதனைக் கதைபோலப் பெருக்கிச் சொல்கின்றனரேயன்றி, நடந்ததை நடந்தவாறு சொல்வதில்லை. ஆதலின் அப்பெரியாரின் வாழ்க்கையைத் தொழிலாளர் பக்கம் நின்று எழுதத் துணிந்தேன்.

ஆலைக்குப் போக நினைத்த சிறுவன்

அம்பேத்கர் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் இராணுவ நகரில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால், படையில் சுபேதார் பதவி வகித்தவர். அவர் ஓய்வு பெற்ற பின்னர் குடும்பம் சதாராவில் வாழ்ந்தது. இளம் வயதிலேயே தாயை இழந்த பீமராவை அத்தை வளர்த்தார்.

அந்நாளில் சதாராச் சிறுவர்கள் பம்பாய் சென்று பஞ்சாலைகளில் கூலிக்கு அமர்வது வழக்கம். பள்ளியில் மூலையில் அமர்த்தப்பட்டு, தாகத்திற்குத் தண்ணீரும் பிறர் மனம் வைத்தால் மட்டுமே பெற்று வந்த பீமராவுக்கும் அவ்வெண்ணம் எழுந்தது. தந்தையைச் சார்ந்திராமல் ஆலைச் சிறுவனாய்ப் பிழைத்துக் கொள்ளலாம் என்று கருதினார். இரயில் கட்டணத்திற்குப் பொருளில்லை. அத்தையின் பணப்பையை எடுத்துவிடச் சில இரவுகள் முயன்று, கடைசியில் கைப்பற்றித் திறந்து பார்த்தபோது அதில் அரையணாவே இருந்தது. நாணமுற்ற சிறுவன் அன்றே தன் வழியை மாற்றிக்கொண்டு, படித்து முன்னேறுவதென்று உறுதி பூண்டான். அப்பையில் கட்டணத்திற்குப் போதிய காசு இருந்திருக்குமாயின், நாட்டின் தொழிலாளர் சட்டங்களுக்கு வித்திட்டவர் பெயர் தெரியாத ஓர் ஆலைக் கூலியாக மறைந்திருக்கக் கூடும்.

பின்னர் குடும்பம் பம்பாய்க்கே பெயர்ந்தது. ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பரேல் பகுதியில் ஒற்றை அறையே வீடு. அதுவே சமையலறை, அதுவே படுக்கை, அதுவே படிப்பறை. தந்தையார் விழித்திருந்து பின்னிரவில் மகனை எழுப்பிப் படிக்க வைப்பாராம். பரோடா மன்னரின் உதவியால் 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். பிறகு இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் பயின்று, 1923-இல் பம்பாய் திரும்பினார். இத்துணைப் பட்டங்கள் பெற்ற பின்பும் பல்லாண்டுகள் அவர் குடியிருந்தது பரேலின் தொழிலாளர் குடியிருப்பிலேயாம். ஆலைச் சங்கு ஊதும் ஓசையும், முறை முடிந்து திரும்புவோரின் களைத்த முகமும் அவருக்கு ஏட்டில் படித்த செய்திகளல்ல.

வாயால் உறிஞ்சும் நூல்

1927-இல் அவர் பம்பாய்ச் சட்டசபையில் அங்கத்தினராக நியமிக்கப்பெற்றார். மறு ஆண்டில் பிரசவ உதவி மசோதா விவாதத்திற்கு வந்தபோது அதனை ஆதரித்துப் பேசினார். பிரசவத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலம் என்றும், அதன் செலவில் சர்க்காரும் பெரும் பங்கு ஏற்க வேண்டுமென்றும் வாதித்தார். அம்மசோதா 1929-இல் சட்டமாயிற்று. ஆலைப் பெண்களுக்கு இந்தியாவில் ஏற்பட்ட முதல் பிரசவ உதவிச் சட்டம் அதுவே.

அதே 1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஆறு மாத காலம் பெரிய வேலைநிறுத்தம் நடைபெற்றது. அப்போது அவர் ஒரு கேள்வியை எழுப்பினார். நூற்புப் பிரிவில் தீண்டப்படாதார் எனப்பட்டோர் வேலை செய்தனர். கூலி மிகுந்த நெசவுப் பிரிவிலோ அவர்களுக்கு இடமில்லை. காரணம் யாதெனின், தார் தீர்ந்தபோதெல்லாம் புதுத் தாரின் நூலை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டப்படாதவன் வாய் பட்ட நாடாவில் தன் வாயை வைப்பதா என்று உடனுழைக்கும் தொழிலாளியே மறுத்தான். முதலாளியின் அநீதியை எதிர்க்கும் சங்கம், தன் உறுப்பினர் இழைக்கும் இவ்வநீதியைக் கண்டுகொள்ளாதிருப்பது முறையா என்று அம்பேத்கர் கேட்டார். இக்கோரிக்கையும் ஏற்கப்படாவிடில் தம் மக்கள் வேலைநிறுத்தத்தில் நில்லார் என்று எச்சரித்தார். தலைவர்கள் தயக்கத்துடன் இசைந்தனர்.

பஞ்சாலையின் தூசியை உண்டு பல்லாண்டு உழைத்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். நூலை உறிஞ்சும்போது பஞ்சுத் துகளும் கஞ்சிப் பசையும் தொண்டைக்குள் போகும். அது யார் நுரையீரலாயினும் கெடுக்கும். உடலைக் கெடுக்கும் வேலையிலும் சாதி பார்த்து இடம் மறுத்தனர். ஆலை நோய் சாதி பார்த்து வருவதில்லை.

வேலைநிறுத்தம் குற்றமா?

1936-இல் அவர் சுயேச்சைத் தொழிற் கட்சியை நிறுவினார். 1937-இல் கொங்கணத்துக் குடியானவரை வாட்டிய கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். 1938 பிப்ரவரியில் மன்மாட் நகரில் கூடிய இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனீயமும் முதலாளித்துவமும் உழைப்பவரின் இரு பகைகள் என்று எடுத்துரைத்தார். பார்ப்பனீயம் என்று அவர் சுட்டியது ஒரு சாதியின் மக்களையன்று. சமத்துவமும் சகோதரத்துவமும் மறுக்கும் மனப்பான்மையை. அது எல்லாச் சாதியினரிடத்தும் இருக்கக் கூடும் என்பதையும் விளக்கினார்.

அவ்வாண்டே பம்பாய் மாகாண சர்க்கார் தொழில் தகராறு மசோதா ஒன்றைக் கொண்டு வந்தது. குறித்த நடைமுறைகளைக் கடவாமல் செய்யும் வேலைநிறுத்தத்திற்குச் சிறைத் தண்டனை என்பது அதன் சாரம். அம்பேத்கர் சட்டசபையில் எழுந்து அதனைக் கடுமையாக எதிர்த்தார். ஒருவன் தன் உழைப்பைத் தர மறுப்பது ஒப்பந்தம் மீறுதலாகலாமேயன்றிக் குற்றமாகாது என்றும், குற்றமாக்கினால் அது அடிமைத்தனத்திற்குச் சமம் என்றும் வாதித்தார். 1938 நவம்பர் 7-ஆம் நாள் ஒரு நாள் எதிர்ப்பு வேலைநிறுத்தம் நடைபெற்றது. கருத்தில் வேறுபட்டிருந்த கம்யூனிஸ்டுகளும் அவரும் அன்று ஒரே மேடையில் நின்றனர். ஆயினும் மசோதா நிறைவேறியது.

டில்லியில் நான்கு ஆண்டுகள்

1942 ஜூலை மாதத்தில் இராஜப் பிரதிநிதியின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆகஸ்டு மாதமே டில்லியில் தொழிலாளர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். சர்க்கார், முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் நிலையான அமைப்பு அம்மாநாட்டில் உருவாயிற்று. அதுவரை தொழிலாளியைப் பற்றிப் பிறர் பேசினர். இனி அவனும் இருந்து பேசலாம் என்னும் நிலை வந்தது.

அன்பர்களே, அந்நான்காண்டுப் பணியை விளங்கிக்கொள்ள நமக்கு ஓர் எளிய வழி உண்டு. இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன் ஆறு திசைகளையும் வணங்கி நின்றபோது, பகவன் புத்தர் அத்திசைகள் ஆறும் மனித உறவுகளே என்று உணர்த்தினார். கீழ்நோக்கிய திசை ஏவலரும் தொழிலாளரும். அவர்களுக்குத் தலைவன் செய்யவேண்டிய கடமைகள் ஐந்து. வலிமைக்குத் தக்க வேலை தருதல், உணவும் கூலியும் அளித்தல், நோயில் பேணுதல், அரிய பண்டங்களைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் என்பன. இலாகாவை ஏற்றபோது அம்பேத்கர் இன்னும் தம்மத்தை முறையாக ஏற்கவில்லை. இப்போதனையை வைத்துச் சட்டம் எழுதினார் என்றும் நான் சொல்லவில்லை. ஆயின் அவர் செய்தவற்றை இவ்வைந்து விரல்களில் எண்ணிவிடலாம்.

ஓய்வு: 1945-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம், ஓராண்டு உழைத்தவனுக்குக் கூலியுடன் 10 நாள் தொடர்விடுமுறை வழங்கியது. கூலியுடன் விடுமுறை என்பதே அதுகாறும் பெரும்பாலான ஆலைத் தொழிலாளர் கேட்டறியாத சொல்.

நோய்: 1943-இல் பேராசிரியர் அதார்கர் என்பவரைத் தொழிலாளர் நோய்க் காப்புத் திட்டம் வகுக்க சர்க்கார் நியமித்தது. 1944-இல் அவர் அறிக்கை தந்தார். அதன் வழி வந்ததே 1948-ஆம் ஆண்டுத் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டம். 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் முதன்முதல் நடைமுறைக்கு வந்த அந்தக் காப்புறுதியே நாம் இன்று இ.எஸ்.ஐ. என்று வழங்குவது.

கூலி: குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் அவர் சபையில் வைத்தார். அவர் பதவி நீங்கிய பின் 1948-இல் அது சட்டமாயிற்று.

பங்கு: 1944-இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி அவசரச் சட்டம் பிறந்தது. சுரங்கத்திலிருந்து அனுப்பப்படும் நிலக்கரியின் மேல் தீர்வை விதித்து, அப்பணத்தை அக்கரியைத் தோண்டியவரின் வீடு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றிற்குச் செலவிடச் செய்தது. 1946-இல் அபிரகச் சுரங்கத் தொழிலாளர்க்கும் இத்தகைய நிதி ஏற்பட்டது.

வலிமைக்குத் தக்க வேலை என்னும் ஐந்தாவதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும்.

பதினான்கு எட்டான கதை

பதினான்கு மணி வேலையை ஒரே கையெழுத்தால் எட்டு மணியாக்கினார் அம்பேத்கர் என்று மேடைகளில் முழங்குகின்றனர். அன்பினால் சொல்வதாயினும் அது சரித்திரமன்று. உண்மை வரலாறு இதுவே. 1881-இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் நேரத்தை மட்டும் வரையறுத்தது. 1891-இல் பெண்களுக்கு 11 மணி என்றாயிற்று. 1911-இல் நெசவாலை ஆண்களுக்கு 12 மணி. 1922-இல் வாரத்துக்கு 60 மணி. 1934-இல் நாளைக்கு 10, வாரத்துக்கு 54 மணி. ஒவ்வொரு படிக்கும் இடையே பத்து முதல் இருபது ஆண்டுகள். ஒவ்வொரு படியிலும் எத்தனையோ பெயரறியாத் தொழிலாளரின் பட்டினியும் வேலைநிறுத்தமும் கிடக்கின்றன.

அம்பேத்கர் வைத்த படி 1946-ஆம் ஆண்டினது. 1945 நவம்பரில் டில்லியில் கூடிய ஏழாவது தொழிலாளர் மாநாட்டில் அப்பொருள் ஆராயப்பட்டது. 1946 ஏப்ரலில் அவர் கொணர்ந்த திருத்தம் நிறைவேறி, ஆகஸ்டு முதல் நாள் அமலுக்கு வந்தது. ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 48 மணி, நாளைக்கு 9 மணிக்கு மேற்படலாகாது என்று அது விதித்தது. மிகைநேர வேலைக்கு இரட்டைக் கூலி என்பதையும் ஒரே சீராக்கியது. நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி குறையும் என்ற வாதத்திற்கு அவர் தந்த விடை மூவகைப்பட்டது. போரில் ஓயாது உழைத்த உடல்கள் தேற வேண்டும். போர் முடிந்து வேலையிழப்பவர்க்கு வேலை பங்கிடப்பட வேண்டும். படிக்கவும் சிந்திக்கவும் குடும்பத்தோடு இருக்கவும் தொழிலாளிக்கும் பொழுது வேண்டும். ஆறு நாளைக்கு 48 மணி எனின் நாளைக்கு 8 மணி. எட்டு மணி வேலை நாட்டின் ஆலைகளில் பொதுவிதியானது அவ்வாறே.

வாரத்தில் 6 மணிநேரத்தை மீட்டுத் தந்தார் என்பது சிறிய செய்தியா? ஓராண்டில் அது 300 மணிக்கு மேலாகும். இலட்சக்கணக்கான ஆலைத் தொழிலாளர்க்கு அதனைப் பெருக்கிப் பாருங்கள். மிகைப்படுத்தாமலே அச்செயல் பெரிது.

சுரங்கத்தின் இருளில்

புகழ் மட்டுமே பாடினால் இவ்வரலாறு நிறைவு பெறாது. 1937 முதல் பெண்கள் நிலத்தடிச் சுரங்கங்களில் வேலை செய்வது தடை செய்யப்பட்டிருந்தது. 1943-இல் போருக்கு வேண்டிய நிலக்கரி குறைந்தபோது, சர்க்கார் அத்தடையைத் தளர்த்தியது. தளர்த்திய இலாகா அம்பேத்கருடையதே. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் கண்டனம் எழுந்தது. தவிர்க்க முடியாத போர்த் தேவை, தற்காலிக ஏற்பாடு என்று அவர் விடையளித்தார். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்னும் நெறி இதனால் நிலைபெற்றது என்றும் சுட்டினார். ஆயினும் கருவுற்ற பெண்ணுக்கும் அவ்விருளில் வேலையா என்று கேட்டவர் கேள்வியில் நியாயம் இருந்தது.

அவர் செய்தது யாது? 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிப் பகுதிக்கு நேரில் சென்றார். சுரங்கத்துக்குள் தாமே இறங்கி வேலை செய்யும் நிலையைக் கண்டார். தொழிலாளர் வீடுகளைப் பார்வையிட்டார். அடுத்த இரு திங்களுக்குள் நல நிதிச் சட்டம் வந்தது. 1945-இல் சுரங்கப் பிரசவ உதவிச் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்தடியில் உழைக்கும் தாய்மாருக்குக் கூடுதல் காப்பு ஏற்பட்டது. 1946 பிப்ரவரியில், போர் முடிந்த சில மாதங்களில், தடை மீண்டும் விதிக்கப்பட்டது. பதவியில் அமர்ந்தவர்க்கு இத்தகைய இக்கட்டுக்கள் நேரும். தளர்த்திய விதியை மறவாமல் திரும்பக் கட்டியதில் அவர் நேர்மை விளங்குகின்றது. அவ்வாண்டுகளில் கீழே உழைத்த பெண்களின் துன்பமும் நம் கணக்கில் இருக்கவேண்டும்.

ஏட்டில் உறங்கிய சட்டம்

அவர் முயன்று கைகூடாதவையும் உண்டு. முதலாளிகள் தொழிற்சங்கத்தைக் கட்டாயம் அங்கீகரிக்கவேண்டும் என்னும் மசோதாவை 1943 நவம்பரில் முன்வைத்தார். அது இழுபட்டு, அவர் விலகிய பின் 1947-இல் சட்டமாக நிறைவேறியது. நிறைவேறியும் அமலுக்குக் கொண்டுவரப்படவேயில்லை. அச்சிட்ட சட்டம் ஏட்டிலேயே உறங்கிற்று.

1946-இல் அவர் அப்பதவியை விட்டார். பின்னர் ஜகஜீவன் ராம் தொழிலாளர் மந்திரியாயிருந்த காலத்தில், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வந்து, விசையோடு 10 பேரும் விசையின்றி 20 பேரும் உழைக்கும் இடங்களைத் தன் காவலுக்குள் கொண்டது. அரசியல் சட்டத்திலோ, அம்பேத்கர் தலைமை வகித்த வரைவுக் குழுவின் உழைப்பால், கொத்தடிமையும் கட்டாய வேலையும் 23-ஆம் பிரிவில் தடுக்கப்பட்டன. 14 வயதுக்குட்பட்ட சிறுவரை ஆலையிலும் சுரங்கத்திலும் அமர்த்துவது 24-ஆம் பிரிவில் விலக்கப்பட்டது. சதாராவிலிருந்து ஆலைக்கு ஓட நினைத்த சிறுவனை இங்கே எண்ணிப் பாருங்கள். 42, 43-ஆம் பிரிவுகள் மனிதத் தன்மையுள்ள வேலை நிலையையும் வாழ்க்கைக்குப் போதிய கூலியையும் அரசின் நெறிகளாக்கின. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் டில்லியில் அவர் மறைந்தார்.

நாம் செய்யவேண்டுவது

2025 நவம்பர் 21-ஆம் நாள் முதல் மத்திய சர்க்காரின் 29 தொழிலாளர் சட்டங்களுக்கு மாற்றாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்துள்ளன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் அவற்றுள் கரைந்துவிட்டது. எட்டு மணி நாளும் 48 மணி வாரமும் இரட்டை மிகைநேரக் கூலியும் நிலைத்துள்ளன. வேலைக்கு அமர்த்தும்போது எழுத்து மூலம் உத்தரவு தரவேண்டும் என்பது எல்லார்க்கும் பொதுவாயிற்று. அம்பேத்கர் 1943-இல் கேட்ட சங்க அங்கீகாரமும் 82 ஆண்டுகள் கழித்து மத்தியச் சட்டத்தில் இடம் பெற்றது. மறுபுறம், விசையோடு 20 பேர், விசையின்றி 40 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்று எல்லை உயர்ந்துவிட்டது. சர்க்கார் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யும் உரிமை 100-க்குக் குறைந்த ஆலையிலிருந்து 300-க்குக் குறைந்த ஆலை வரை விரிந்துவிட்டது. சிறிய பட்டறையில் உழைப்பவர் யார், பெரும்பாலும் எவ்வெச் சேரிகளிலிருந்து வருபவர் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டுவதன்று.

இவற்றை வாழ்த்துவதும் எதிர்ப்பதும் அவரவர் ஆராய்ந்து செய்யத்தக்கது. ஆராயாமல் செய்வதே தகாதது. ஆலை வாயிலில் சட்டச் சுருக்கம் ஒட்டப்பட்டிருக்கும். அதன்மேல் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். அம்பேத்கர் பிறந்த நாளில் அவர் படத்துக்கு மாலை சூட்டுகின்றோம். அம்மாலையுடன் ஒரு துணியும் எடுத்துச் சென்று அப்பலகையின் தூசியைத் துடைப்போமாக. படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்கட்டும், தெரியாதவர் கேட்கட்டும். ஒவ்வொரு விகாரையிலும் பௌர்ணமிக் கூட்டத்தின் முடிவில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், ஓராண்டில் ஓர் ஊர் முழுதும் தன் உரிமையை அறியும். நாடாவின் நூலில் சாதி பார்த்த பழைய மடமை எவ்வடிவிலும் நம் சங்கங்களில் நுழையாதிருக்கட்டும்.

அம்பேத்கர் நமக்கு மீட்டுத் தந்த 6 மணிநேரத்தில் வாரம் ஒரு மணியேனும் இவ்வாறு பயன்படுமாயின், அவருக்கு நாம் செலுத்தும் கடன் அதுவேயாகும்.

நமோ புத்தாய.